வாய் அசையாத பொம்மைகள்

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த காலம் ஞாபகம் இருக்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லி எனக்கு மாளாது. கல்யாண வீடோ காதுகுத்தோ, ஒரு டிவிப் பெட்டியும் டெக்கும் நாலைந்து கேசட்டும் ஜீப்பில் வந்து இறங்கினால் ஊரே பாயோடு வந்து இடம் பிடித்த காலம் அது. அந்த ஜீப்பின் முன் சீட்டில், டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வருகிற ஆள் என்னைப் பெற்ற அத்தா. ஏற்காடு மலை முழுக்க அவரைத் தெரியும். ஆகவே நானும் அந்தக் காலத்தில் பெரிய இடத்துப் பிள்ளைதான், யாரும் சிரிக்க வேண்டாம்.

கடைத்தெருவில் எங்கள் கடை. முன்பாதியில் ரேடியோ ரிப்பேரும் கேசட் வாடகையும். நடுவில் ஒரு பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தோம். அத்தாவின் ஆட்கள் எல்லாம் சேலத்தில் வெயிலில் வெந்துகொண்டிருக்க, எங்கள் குடும்பம் மட்டும் மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு வியாபாரம் செய்தது.

மலையில் மழை பிடித்தால் துணி காயாது என்பது ஊரறிந்தது. கேசட்டுக்குப் பூசணம் பிடிக்கும் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த துன்பம். உள்ளே நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் எட்டிப்பார்க்கிற நாளில் மாடிப்படியில் அம்மா ஒரு பக்கம் வடகம் காயவைப்பாள், அத்தா மறுபக்கம் கேசட்டுகளை நிறுத்திவைப்பார். காக்காய் வடகத்தைத்தான் தூக்கும். அத்தா காவல் இருப்பது என்னவோ கேசட்டுக்குத்தான். அம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அந்தக் கேசட்டுகளுக்கு நடுவே ஒன்று பொம்மைக் கேசட். எஸ்டேட் மேனேஜரின் மருமகள் லண்டனில் இருந்தபோது அங்கே டிவியில் வந்த குழந்தைகள் தொடரைப் பிடித்துவைத்திருந்தார். ஊரை விட்டுப் போகும்போது, “உங்க பசங்க பார்க்கட்டும்” என்று அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் இங்கிலீஷ் எழுத்தும் ஒரு கழுதைப் படமும் இருக்கும்.

அதைப் போட்டால் முதலில் மணி அடிக்கும். பிறகு கடற்கரை ஓரத்தில் ஒரு சின்ன ஊர் தெரியும். வீடுகள் எல்லாம் அட்டை, கடல் என்பது கசங்கிய கண்ணாடிக் காகிதம், புகைபோக்கியில் வருகிற புகை பஞ்சு. ஆட்கள் எல்லாம் துணியும் மரமும் சேர்ந்த பொம்மைகள். சிவப்புக் குல்லாய் வைத்துக் கழுதைமேல் கரி மூட்டை ஏற்றிப் போகிற ஓர் ஆள். உயரமான ஒரு போலீஸ்காரர். பலகாரக் கடை வைத்திருக்கும் குண்டு அம்மாள். கயிறும் இல்லை, கையும் தெரியாது. அதுகள் பாட்டுக்கு விட்டு விட்டு நடக்கும், தலையைத் திருப்பும், தடுக்கி விழும். ஆனால் ஒன்றுக்கும் வாய் அசையாது. ஒரே ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் எல்லாருக்கும் பேசும், கழுதைக்கும் சேர்த்து.

எப்படி நடக்கின்றன என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அத்தா மசூதிக்குப் போன நேரம் பார்த்து டெக்கில் நிறுத்தும் பொத்தானை அழுத்துவேன். நிறுத்தினால் நாடாவைப் படிக்கிற ‘ஹெட்’ தேய்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். அந்த வீட்டில் ‘ஹெட்’டுக்கு இருந்த மரியாதை எங்கள் தலைக்கு இருந்ததில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் கழுதையின் கால் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் தள்ளி இருந்தது. யாரோ ஒருவர் தள்ளிவைத்துப் படம் பிடித்து, மறுபடி தள்ளிவைத்துப் படம் பிடித்திருக்கிறார். ஓர் இடத்தில் கழுதையின் வாலுக்குப் பின்னால் கட்டைவிரல் ஒன்று தெரிந்தேவிட்டது. அடேயப்பா, எத்தனை பொறுமை என்று அன்றைக்கு வாயைப் பிளந்தேன். பொறுமை என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது பள்ளிக்கூடம் அல்ல, அந்தக் கட்டைவிரல்தான்.

அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவளுக்கு அது தம்பிக்குச் சோறு ஊட்டுகிற யந்திரம். தம்பிக்கு அப்போது மூன்று வயது. சோற்றைக் கண்டால் ஓடுவான். பொம்மை ஓடினால் உட்காருவான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தானே கதை சொல்லுவாள். வாய்தான் அசையவில்லையே, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு நாள் கழுதைக்காரன் பஸ்ஸைத் தவறவிட்டவன், இன்னொரு நாள் அவன் பலாப்பழம் விற்கிறவன். குண்டு அம்மாளுக்கு என் பெரியம்மாவின் குரலைப் பிசகாமல் கொடுப்பாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவேன். இத்தனையும் திரைக்குப் பின்னால்தான். வெளி ஆள் ஒருவர் கடைக்குள் கால் வைத்தால் போதும், அம்மாவின் குரல் அடங்கிவிடும்.

அந்த வருஷம் மார்கழியில் செம்மநத்தத்து மாமன் கடைக்கு வந்தார். சொந்த மாமன் இல்லை. காப்பியும் ஆரஞ்சும் சாமையும் போடுகிற மலை விவசாயி. ரேடியோ ரிப்பேருக்கு வந்துவந்து அத்தாவுக்குக் கூட்டாளி ஆனவர். எப்போது வந்தாலும் என் கையில் இரண்டு ஆரஞ்சு வைப்பார். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை.

“ஏனுங்க, எந் தங்கச்சி பையனுக்குக் காது குத்துறாங்க, தை பொறந்ததும். அவ வாழப்போன வெள்ளக்கடை ஊர்ல. டிவி, டெக்கு எல்லாம் நாந்தான் எறக்கோணும். புதுப் படமாப் போடோணும்.”

“போட்டுரலாமுங்க. நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவனா?” என்றார் அத்தா. “ஆனா நீங்க அந்த ஊட்டுப் பக்கமே போறதில்லையே?”

மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ரெண்டு பொங்கலாச்சுங்க. கரும்பு, சாமை மூட்டை, புடவைன்னு சீர் எடுத்துட்டுப் போனேன். கதவு சாத்திக் கெடந்துச்சு. நொம்ப நேரம் நின்னு கூப்புட்டேன். உள்ளார அவ வளையல் சத்தங் கேக்குது. தொறக்கல. சீர வாசல்லயே வெச்சுட்டுத் திரும்பிட்டேன். வாழப்போன ஊட்டுல நாலு காசு சேந்ததும் அண்ணங் கசந்துட்டான் போலிருக்குதுங்க.”

“அப்படியெல்லாம் இருக்காதுங்க.”

“இருக்குதோ இல்லையோ. மாமன் மடியில உக்காத்தித்தான் காது குத்தோணும், அது மொற. செய்யற சீர்ல ஒரு குண்டுமணி கொறைய விடமாட்டேன். கொறஞ்சா அவ மாமியாக்காரி அவளச் சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவா. ஆனா அந்த ஊட்டுச் சோத்துல மட்டும் கை வெக்க மாட்டனுங்க.”

திரைக்குப் பின்னால் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றிருந்தது. நான் எதற்கு நின்றது என்று எட்டிப் பார்த்தேன். அவள் முறத்தைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அத்தாவின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து புதுப் படம் வந்துவிட்டால் அவருக்கு நிம்மதி போய்விடும். போலீஸ்காரர் கேட்பார், தபால்காரர் கேட்பார், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் ‘ஒரே ஒரு ராத்திரி’ என்று கேட்பார். யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. அதனால் புதுப் படத்தை எடுத்து, யாரும் சீந்தாத ஓர் அட்டைக்குள் ஒளித்துவைப்பார். அதில் இருந்ததைப் புதுப் படத்தின் அட்டைக்குள் போட்டு, மேசைக்கடியில் யார் கண்ணிலும் படாத கீழ்த்தட்டில் செருகிவிடுவார். யார் கேட்டாலும், “பாருங்க, தட்டுல ஒண்ணுமில்லீங்க” என்று கையை விரிப்பார். கேசட்டின் மேல் எழுத்து எதுவும் இருக்காது. எல்லாம் அவர் மனக்கணக்கு. அந்தத் தை மாதம் அவர் தேர்ந்தெடுத்த அட்டை எங்கள் கழுதைப் பட அட்டை. பொம்மைக் கேசட்டைக் காணாமல் தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு, “இங்கதான் எங்கியாச்சும் கெடக்கும்” என்று சொல்லிவிட்டார்.

காதுகுத்துக்குக் குடும்பத்தோடு அழைப்பு. ஜீப்பில் டிவியைப் போர்வையால் சுற்றி நடுவில் வைத்து, அதற்கு இருபுறமும் நாங்கள் உட்கார்ந்தோம். அத்தா அவசரத்தில் கீழ்த்தட்டிலிருந்து கதாநாயகன் படம் போட்ட அட்டையை உருவி எடுத்துக்கொண்டார். அது ஓடாவிட்டால் இருக்கட்டும் என்று பழைய படம் ஒன்று. தான் வெட்டிய குழி எங்கே இருக்கிறது என்பதை மனிதர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

காலையில் சடங்கு நன்றாகவே நடந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பையனை மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி குத்தியதும் அவன் போட்ட கூச்சலில் பச்சரிசியும் வெல்லமும் வாயிலிருந்து சிதறின. மாமன் கண்ணும் கலங்கியது. தங்கச்சி பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒல்லியான, பெரிய கண் உள்ள பெண். அண்ணனும் தங்கச்சியும் பையனை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்களே ஒழிய ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பந்தி போட்டபோது மாமன், “எனக்கு இன்னைக்கு விரதமுங்க” என்று எழுந்து காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டார்.

தங்கச்சியின் மாமியார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வெற்றிலை உரல். இடிப்பதும் பேச்சும் மாறி மாறி வரும். “விரதமாமா, விரதம்! சரி, டிவிப் பொட்டியாச்சும் ஓடுதான்னு பாப்போம்.” எங்களுக்குச் சாமைச் சோறும் பருப்பும் நெய்யும் தனியாகப் பரிமாறினார்கள். தங்கச்சி எனக்கு நெய் ஊற்றும்போது அவர் பார்வை காப்பிச் செடிகள் பக்கமே இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்து, மலை மேலிருந்து பனிமஞ்சு இறங்க ஆரம்பித்ததும், காப்பி காயவைக்கிற களத்தில் டிவியை வைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் பாயும் போர்வையுமாக வந்துவிட்டார்கள். களத்தில் இன்னும் காப்பிப் பழத் தோலின் புளித்த வாசனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பியை மடியில் வைத்துப் பெண்கள் நடுவே உட்கார்ந்தாள். மாமன் கரண்டுக் கம்பி வருகிற மரத்தடியில் நின்றார். அவர் சீரில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

அத்தா கேசட்டை உள்ளே தள்ளினார். மணி அடித்தது. கடற்கரை ஊர் வந்தது. பஞ்சுப் புகை, கழுதை.

குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவர்களிடம் ஒரு முணுமுணுப்பு. “இதென்னுங்க, வெளம்பரமா?” என்று யாரோ கேட்டார்கள். அத்தா அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “ஒரு நிமிசமுங்க” என்று பழைய படத்தைப் போட்டார். கீச்சென்று ஒரு சத்தம், திரை முழுக்கக் கோடு. வெளியே இழுத்துப் பார்த்தால் நாடாவில் வெள்ளைவெளேரென்று பூசணம். ஜீப் கடைத்தெருவுக்குத் திரும்பிப் போயிருந்தது. படம் முடிகிற நேரத்துக்குத்தான் வரும். இருட்டுத் திரையைவிட இது மேல் என்று பொம்மையையே மறுபடி போட்டுவிட்டு டெக்குக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

களத்து ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்த கட்டிலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “ஏப்பா, பொம்மையக் காட்டத்தான் ஊரையே கூட்டுனீங்களா? நல்ல மாமன், நல்ல சீரு!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மரத்தடியில் மாமன் அசையவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தாவுக்காகவா மாமனுக்காகவா என்று அப்போது தெரியவில்லை.

தம்பிதான் காப்பாற்றினான். இரண்டு நாளாகக் காணாத கழுதையைக் கண்டதும் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, “சொல்லு!” என்றான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அவன் வீறிட்டான். வேறு வழியில்லாமல் அவள் அவன் காதோடு ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் காதைக் கொடுத்தார்கள். ஒருத்தி பின்னால் திரும்பிச் சிரித்தாள். “சத்தமாச் சொல்லுங்கக்கா, எங்களுக்கும் கேக்கட்டும்.”

அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“இவரு யாரு தெரியுமா? இவரு தாய்மாமன்” என்று அம்மாவின் குரல் எழுந்தது. அதுவரை அந்தக் கழுதைக்காரன் ஒரு நாளும் தாய்மாமனாக இருந்ததில்லை. “தங்கச்சி ஊட்டுக்குச் சீர் எடுத்துட்டுப் போறாரு. கழுதை மேல சாமை மூட்டை.”

“கரி மூட்டையாட்டம் இருக்குதுங்களே?” என்றது ஆண்கள் பக்கம்.

“மலைப்பாதையில வந்ததுங்க, தூசி.”

களம் சிரித்தது. போலீஸ் பொம்மை வந்து கையை நீட்டி வழிமறித்ததும், “மூட்டையில காப்பிக்கொட்டை ஒளிச்சு வெச்சிருக்கியா?” என்று அம்மா மிரட்டினாள். காப்பியை போர்டுக்குக் கொடுக்காமல் வெளியில் விற்றால் போலீஸ் பிடித்த காலம் அது, காப்பி விவசாயிகள் அத்தனை பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். வெற்றிலை உரலின் சத்தம் நின்றுபோனது. “அந்தக் கழுதைக்கு எதாச்சும் தின்னக் குடுத்தானா?” என்று கட்டிலிலிருந்து கேள்வி வந்தது. “தங்கச்சி ஊட்டுல விருந்து இருக்குதுன்னு கழுதையும் பட்டினியா வருதுங்க அத்தை” என்றாள் அம்மா. என் அம்மாதானா இது என்று நான் அவளையே பார்த்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கழுதைக்காரன் குண்டு அம்மாளின் கடைக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். சட்டென்று ஜன்னல் துணியை இழுத்துவிடுகிறாள். கதவு சாத்தியபடி இருக்கிறது. அவன் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அம்மா நிறுத்திவிட்டாள்.

அடுத்தது என்ன என்று எல்லாரும் காத்திருந்தார்கள். திரையில் கழுதையின் காது மட்டும் ஆடியது. மாமன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

“அண்ணா.”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது, அம்மாவின் குரல் இல்லை. தங்கச்சி எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திரைப் பக்கமே வைத்திருந்தார். “நாங் கதவச் சாத்தலீங்கண்ணா. தொறக்க முடியாம உள்ளார நின்னுட்டிருந்தேன். நீங்க திரும்பி அந்த வளைவு தாண்டுற வரைக்கும் சன்னல் சந்துல பாத்துட்டே நின்னேன்.”

பொம்மைக்குத்தான் பேசினார். அப்படித்தான் நான் நினைத்தேன். ஆனால் களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. மாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கதவு தானாவா சாத்திக்கும்? எவளாச்சும் ஒரு கெழவி சாத்தியிருப்பா. அன்னைக்கு அவளுக்கு என்ன கிறுக்குப் புடிச்சுதோ. நீ மேல கதையச் சொல்லு கண்ணு, நிறுத்தாத.”

அந்தப் பொம்மை ஊரில் கிழவியே கிடையாதே என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். அதற்குள் திரையில் கதவு திறந்தது. குண்டு அம்மாள், போலீஸ்காரர், பிள்ளைகள் என ஊரே ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. “தொறந்தாச்சு!” என்றாள் அம்மா. “மாமன் வந்தாச்சு, எல்லாரும் வாங்க!” களத்தில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

போன வருஷம் பேத்தியின் போனில் அதே தொடர் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து இங்கிலீஷோடு பார்த்தேன். கழுதைக்காரனுக்குப் பிறந்தநாள், அவனுக்குத் தெரியாமல் கேக் சுடுவதற்காகத்தான் அந்த அம்மாள் கதவைச் சாத்துகிறாள். பேத்தி, “நீ எதுக்குப் பாட்டி அழறே, இது சிரிப்புப் படம்” என்றாள். சிரிப்புப் படம்தான், ஒத்துக்கொண்டேன்.

அத்தா கடைசிவரை, “நம்ம டெக்கு ராசியான டெக்கு, பிரிஞ்ச குடும்பத்தைச் சேத்து வெச்சுது” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டை மாற்றியதையும் தன் யோசனை என்றே சேர்த்துக்கொண்டார். ஒரு முறை அம்மாவிடம், ஏன் அந்த இடத்தில் நிறுத்தினாய் என்று கேட்டேன். “கதை மறந்துபோச்சு” என்றாள். ஒரு மழைக்காலம் முழுக்கத் தினம் இரண்டு வேளை பார்த்த படம். கதவு வரப்போகிறது என்று தெரிந்துதான் அன்றைக்கு அவனைத் தாய்மாமன் ஆக்கினாள் என்பது என் எண்ணம். அவள் ஒப்புக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்குக் கேசட் முடிந்து டிவி அணைந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. மாமியார் வெற்றிலை உரலைக் கீழே வைத்தார். “அம்மிணி, உங்கண்ணனுக்கு விரதம் முடிஞ்சிருக்கும். எலையப் போடு.”

மாமன் மரத்தடியிலிருந்து வந்தார். கை கழுவினார். களத்து ஓரத்தில் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தங்கச்சி சாமைச் சோற்றைப் போட்டு, குழி பறித்துப் பருப்பை விட்டு, நெய்க் கிண்ணத்தைச் சாய்த்தார். நெய் சோற்றை நனைத்தது, குழி நிறைந்தது, இலை ஓரத்தைத் தாண்டிக் களத்தில் ஓட ஆரம்பித்தது. அண்ணன் போதும் என்று சொல்லவில்லை. தங்கச்சியும் நிறுத்தவில்லை.